பொம்மைக் கடை பிளாஸ்டிக்கை வச்சு வார்கேம் ஆடணும்னா எதை வாங்கறது? பை சோல்ஜரா, 1/72 பெட்டியா, போர்டு கேம் காயா, டைனோசரா

அக்கா பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான், போன மாசம் ஒரு ராத்திரி போன் பண்ணி, மாமா, ஹாஸ்டல்ல நாங்க நாலு பேர் சேர்ந்து டேபிள்ல பொம்மைப் படையை வச்சு நகர்த்தி ஆடுற வார்கேம், அதாவது போர் ஆட்டம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எல்லாரும் போட்டது போக கையில 2000 ரூபா இருக்கு, இந்த ஆட்டத்துக்குன்னே செய்யற ஒரிஜினல் மினியேச்சர் பெட்டி விலையைப் பார்த்தா ஒருத்தர் படைக்கே பத்தாது, சும்மா ஃபேன்ஸி ஸ்டோர்ல தொங்குற பிளாஸ்டிக் சோல்ஜரை வாங்கி ஆடலாமா, இல்ல வேற ஏதாவது இருக்கான்னு கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் முடியல. பேசினதை எல்லாம் இங்க எழுதி வைக்கறேன், இதே கேள்வியோட இன்னும் நிறைய பேர் இருப்பீங்கன்னு தெரியும்.

முதல்ல ஒரு தயக்கத்தை எடுத்துப் போடணும். குழந்தைங்க பொம்மையை வச்சு ஆடினா அது அசல் ஆட்டம் இல்ல, ஏதோ காசில்லாதவன் பண்ற வேலைன்னு ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு, இந்த ஆட்டமே பொம்மையிலதான் பொறந்தது. 1913-ல இங்கிலாந்துல நாவல் எழுதற எச்.ஜி.வெல்ஸ் பொம்மைச் சிப்பாய் வச்சு ஆடற போர் ஆட்டத்துக்கு விதி எழுதி வெளியிட்டார், அவர் வச்சு ஆடினது கடையில குழந்தைகளுக்கு வித்த ஈயச் சிப்பாய், மரக்குச்சியைச் சுடற ஸ்பிரிங் பொம்மை பீரங்கி, ஆடின இடம் வீட்டுத் தரை. அமெரிக்காவுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கற்பனைக் கதை ஆட்டத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் கேரி கைகாக்ஸ், அந்த ஆட்டம் 1974-ல வர்றதுக்கு முன்னாடியே, ஹாங்காங்ல செஞ்ச ஒரு பிளாஸ்டிக் மிருகப் பையை வாங்கிட்டு வந்தார், பையில வரலாற்றுக்கு முந்தைய விலங்குன்னு போட்டிருந்தாலும் உள்ள இருந்தது எந்த டைனோசர் மாதிரியும் இல்லாத வினோத ஜந்துங்க, அதை டேபிள்ல வச்சு இது இரும்பைத் துருவாக்கித் தின்கிற பிராணி, இது ஆந்தைத் தலைக் கரடின்னு பேர் வச்சார், ரெண்டுமே 1975-ல அந்த ஆட்டத்தோட புத்தகத்துல வந்துச்சு, மண்ணுக்குள்ள நீந்தி வர்ற இன்னொரு ஜந்து 1976-ல வந்துச்சு. 50 வருஷம் கழிச்சும் உலகம் பூரா அதே மிருகங்களை வச்சு ஆடறாங்க. அதனால பொம்மைப் பையோட கடைக்குள்ள நிக்கறப்ப கூச்சப்படவே வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா ஒரு பொம்மைக்கு எவ்வளவு விலைன்னு கணக்குப் போடறது. பையில 40 இருக்கு 150 ரூபா, அப்ப ஒண்ணு நாலு ரூபா கூட இல்ல, இதுதான் சீப்னு வாங்கிடுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம் பெயின்ட் அடிச்சு, அது உரிஞ்சு, மறுபடி அடிச்சு, கடைசில அந்தப் படை இன்னொருத்தர் படையோட சேராம அட்டைப் பெட்டியிலயே கிடந்துச்சு, ஏன்னா அவர் பொம்மை என் பொம்மையில பாதி உயரம். அதுக்கப்புறம் நான் விலையை மூணாவதாத்தான் பார்க்கறேன். முதல்ல உயரம், ரெண்டாவது அது என்ன பிளாஸ்டிக்.

உயரத்துல நாலு அளவு தெரிஞ்சா போதும். 15 எம்எம், 20 எம்எம் (இதைத்தான் 1/72, அதாவது நிஜ அளவுல 72-ல ஒரு பங்குன்னு பெட்டியில போடறாங்க, அளந்தா 23, 24 வரும்), 28 எம்எம், 54 எம்எம். இந்த நம்பர் எல்லாம் ஒரு பொம்மை ஆள் நின்னா சுமாரா எவ்வளவு உயரம்ங்கறதுதான். 54ங்கறது இங்கிலாந்து பிரிட்டன்ஸ் கம்பெனி அந்தக் காலத்துப் பெரிய பொம்மை ரயிலுக்குப் பக்கத்துல வச்சா பொருந்தணும்னு 1893-ல ஈயச் சிப்பாய் வார்த்தப்ப நிலைச்ச அளவு, ஏர்ஃபிக்ஸ் 1959-ல முதல் தடவை சின்ன பிளாஸ்டிக் சிப்பாய் விட்டப்ப அதுவும் சின்ன மாடல் ரயில் அளவுக்குத்தான் விட்டாங்க. ரயிலுக்கு ஏத்த மாதிரி சிப்பாய், சிப்பாய்க்கு ஏத்த மாதிரி ஆட்டம்னு ஆயிடுச்சு. நீங்க பண்ண வேண்டியது என்னன்னா நாலு பேரும் உக்காந்து எந்த அளவுன்னு ஒண்ணை முடிவு பண்ணிட்டு ஒரு ஸ்கேலைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு கடைக்குப் போகணும்.

பிளாஸ்டிக் விஷயத்துல கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா பெயின்ட் உரியறதும் ஒட்டினது விடறதும் முழுக்க இதுலதான் இருக்கு. பொம்மையில மூணு வகைதான் பெரும்பாலும் வரும். ஒண்ணு பாலித்தீன், கையில எடுத்தா மெழுகு மாதிரி வழுக்கும், துப்பாக்கிக் குழலை வளைச்சா வளைஞ்சு திரும்பி வரும். ரெண்டாவது பிவிசி, ரப்பர் மாதிரி கொஞ்சம் கனமா இருக்கும், டைனோசர், மிருகம், போர்டு கேம் காய் எல்லாம் நிறைய இதுல வருது. மூணாவது பாலிஸ்டைரின், கெட்டியா இருக்கும், தரையில போட்டா டக்குனு சத்தம் வரும், வளைச்சா ஒடிஞ்சிடும், ஏரோப்ளேன் மாடல் கிட் எல்லாம் இதுதான்.

எது எதுன்னு கண்டுபிடிக்க வீட்டுலயே ஒரு டெஸ்ட் இருக்கு. ஒரு டம்ளர் தண்ணியில பொம்மையைப் போடுங்க. மிதந்தா பாலித்தீன். முழுகிட்டா தண்ணியில உப்பைக் கொட்டிக் கரைச்சு, இனிமே கரையாதுங்கற அளவுக்கு ஆனதும் மறுபடி போடுங்க. இப்ப மேல வந்தா பாலிஸ்டைரின், அப்பவும் அடியிலயே கிடந்தா பிவிசி. பொம்மை உள்ள வெத்தா இருந்தா காத்து அடைச்சுக்கிட்டு பொய் சொல்லும், அதனால அடியில வெட்டின ஒரு துண்டைப் போட்டுப் பாருங்க, மேல ஒட்டியிருக்கிற காத்துக் குமிழியை விரலால தட்டி விட்டுட்டுப் பாருங்க. இது தெரியாம நான் வீணாக்கின பெயின்ட் காசுல இன்னொரு படையே வாங்கியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பாலிஸ்டைரினுக்கு மாடல் சிமென்ட்னு விக்கிற பசையைப் போட்டா பிளாஸ்டிக்கே கரைஞ்சு ஒண்ணோட ஒண்ணு வெல்டு ஆயிடும், பெயின்டும் நல்லா பிடிக்கும். பிவிசிக்கு அந்த சிமென்ட் வேலைக்கு ஆகாது, சூப்பர் குளூ பிடிக்கும், கத்தியில வெட்டலாம், வளைஞ்ச வாளைக் கொதிக்கிற தண்ணியில அஞ்சாறு செகண்ட் முக்கி நேராக்கி உடனே ஐஸ் தண்ணியில போட்டா அப்படியே நிக்கும். ஆனா பிவிசி மேல ஸ்ப்ரே கேன் அடிச்சா ரிஸ்க், அதை மெதுவாக்கறதுக்குக் கலக்கிற எண்ணெய் மாதிரியான சரக்கு வெளிய கசிஞ்சு பெயின்டோட சேர்ந்துக்கிட்டு வாரக்கணக்குல பிசுபிசுன்னு காயாமலே கிடக்கும், எனாமல் பெயின்டும் அதே கதைதான், அக்ரிலிக்கைப் பிரஷ்ல நேரா அடிச்சுடுங்க. பாலித்தீன்தான் எல்லாத்துலயும் பிடிவாதம். குளூ ஒட்டாது, பெயின்ட் உரியும். அதுக்கு வழி என்னன்னா சோப்புத் தண்ணியில பழைய பிரஷ் வச்சுத் தேய்ச்சுக் கழுவணும், அச்சுல இருந்து சுலபமா வர்றதுக்குத் தடவின வழவழப்பு போகணும், நல்லா காய்ஞ்சதும் ஃபெவிகால்ல கொஞ்சம் தண்ணி கலந்து மெலிசா ஒரு கோட்டு, ஒரு நாள் காய விட்டு அக்ரிலிக் பெயின்ட், அதுக்கு மேல மறுபடி அதே மாதிரி ஒரு கோட்டு. பெயின்ட் ரெண்டு தோலுக்கு நடுவுல மாட்டிக்கும், ஈட்டி வளைஞ்சா தோலும் கூடவே வளையும், உரியாது. கை, தலை மாத்தணும்னா குளூவை நம்பாம மெலிசான கம்பியைச் சொருகித்தான் மாத்தணும்.

சரி, இப்ப ஒவ்வொண்ணா.

பை சோல்ஜர். பச்சை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், திருவிழாக் கடையில ஒயர்ல தொங்கும். 54 எம்எம்னு பேரு, அளந்து பார்த்தா 45, 50னு பைக்குப் பை மாறும். காரணம், அமெரிக்காவுல மார்க்ஸ், டிம் மீ மாதிரி கம்பெனிங்க செஞ்ச பழைய சிப்பாயை வச்சு இன்னொருத்தர் அச்செடுத்து, அந்த அச்சுல வந்த பொம்மையை வச்சு வேறொருத்தர் அச்செடுத்துன்னு காப்பிக்குக் காப்பி ஆகறப்ப ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கும், மூஞ்சியில மூக்கு மழுங்கும். சாமான் பெரும்பாலும் ரெண்டாவது உலகப் போர் அமெரிக்கச் சிப்பாய்க்குள்ளது, தோள்ல வச்சுச் சுடற பஸூக்கா, ரேடியோ, கண்ணிவெடி தேடற கம்பு, படுத்துச் சுடறவர். அதனால நீங்க அந்தக் காலப் போர் ஆடறீங்கன்னா சரி, சோழன் பாண்டியன்னா இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பாலித்தீன் வேற. இதோட பெரிய பலம் என்னன்னா பெயின்ட் அடிக்காமலே ஆடலாம், பச்சை ஒருத்தர் பழுப்பு ஒருத்தர், பையைப் பிரிச்ச பத்து நிமிஷத்துல ஆட்டம். விதியில ஒரு அங்குலம் நகரணும்னு போட்டிருந்தா ரெண்டு அங்குலம்னு எடுத்துக்கோங்க, அப்ப உங்களுக்கு டேபிள் பத்தாது, மொட்டை மாடி வேணும், மணலும் செங்கல்லும் கிடக்கிற இடம்னா இன்னும் நல்லது. பத்து வயசுப் பசங்களோட ஆட இதைவிட நல்லது எதுவும் இல்ல, மிதிச்சாலும் உடையாது, எறிஞ்சாலும் உடையாது. 2020-ல அமெரிக்காவுல பிஎம்சி டாய்ஸ் பெண் சிப்பாய் செட்டும் விட்டாங்க, வீட்டுல பொண்ணு இருந்தா அது எப்படியாவது கிடைக்குதான்னு பாருங்க, என் அண்ணன் பொண்ணு அந்தப் படத்தைக் காட்டினதும் அன்னைக்கே ஆட உக்காந்தா. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் ஒரு மேஜையில ஆடணும்னா மட்டும் இது வேண்டாம்.

1/72 பெட்டி. என் மனசு இதுலதான் இருக்கு, அதை மறைக்கல. ஏர்ஃபிக்ஸ், இட்டாலேரி, ஸ்வெஸ்டா, ஹாட், சீசர்னு கம்பெனிங்க, ஒரு காலாள் பெட்டியில பெரும்பாலும் 40-ல இருந்து 50 ஆளு, குதிரைப் பெட்டின்னா 12-ல இருந்து 18. ஒரு இஞ்ச் கூட இல்லாத ஆளுக்குக் கண்ணு, மூக்கு, பெல்ட்டு பக்கிள் வரைக்கும் இருக்கும். காலம், நாடுன்னு பார்த்தா அசிரியாவுல இருந்து ரெண்டாவது உலகப் போர் வரைக்கும் எல்லாம் இருக்கு. ஆரம்பத்துல இவ்வளவு கிடையாது, நெப்போலியன் காலத்துச் செட் வர்றதுக்கு முன்னாடி இங்கிலாந்துக்காரங்க அமெரிக்க உள்நாட்டுப் போர் சிப்பாயை வெட்டித் தலையை மாத்தி நெப்போலியன் படையாக்கி ஆடினாங்க, ராபின் ஹூட் செட்டையும் அவனோட எதிரி நாட்டிங்ஹாம் ஷெரிஃப் செட்டையும் வாங்கி இடைக்காலப் படை கட்டினாங்க. அந்த வெட்டி ஒட்டற பழக்கம்தான் நமக்கு இப்ப கை கொடுக்கப் போகுது, அதைக் கீழ சொல்றேன்.

இதுல குறை ரெண்டு. அனேகம் பாலித்தீன் வகை, அதனால மேல சொன்ன கழுவல், ஃபெவிகால் வேலை முழுக்க உண்டு, ஈட்டி வளைஞ்சே வரும், அதை வெட்டிட்டு நைலான் பிரஷ் முடியைச் சொருகினாதான் நேரா நிக்கும். ரொம்பப் பழைய செட் செகண்ட் ஹேண்ட்ல வந்தா ஜாக்கிரதை, பல வருஷத்துப் பாலித்தீன் இறுகிப் போய்க் கணுக்கால்ல பொடிஞ்சிடும், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு துப்பாக்கியை மெதுவா வளைச்சுக் காட்டச் சொல்லுங்க. இன்னொரு குறை, இது நம்ம ஊர்ல இறக்குமதிதான். பொம்மைக்கு சுங்க வரி 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல 70 ஆச்சு, 2021 ஜனவரில இருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்னு வேற வந்துச்சு. வெளிநாட்டுல இருந்து பார்சல் வரவழைச்சா பெட்டி விலையை மட்டும் பார்த்து சந்தோஷப்படாதீங்க, வரி, தபால் எல்லாம் சேர்த்துப் போட்டு அப்புறம் ஆள் எண்ணிக்கையால வகுங்க. நான் கடைசியா ஒரு காலாள் பெட்டி வாங்கினப்ப எல்லாம் சேர்த்து 1300 ரூபா ஆச்சு, 48 ஆளு, ஒரு ஆளுக்கு 27 ரூபா. பை சோல்ஜரை விட ஏழு மடங்கு. இருந்தும் அது வீண் செலவு இல்லன்னு ஏன் சொல்றேன்னா, ஒரு பெட்டியோட ஒரு முழுப் படை முடிஞ்சிடுது.

அதெப்படின்னா, டிபிஏன்னு ஒரு பழங்கால, இடைக்காலப் போர் ஆட்டம் இருக்கு, 1990-ல வந்தது, ஒரு படைக்கு 12 பேஸ்தான், கூடவும் இல்ல குறையவும் இல்ல. ஒரு பேஸ்னா ஒரு அட்டைத் துண்டு மேல ஒட்டின ரெண்டு மூணு நாலு ஆளு, யானைன்னா ஒரே ஒரு யானை, குதிரைன்னா மூணு. மொத்தப் படை 50 பொம்மைக்கு மேல போறது அபூர்வம். 40 எம்எம் அகலப் பேஸ்ல கட்டினா ரெண்டடிக்கு ரெண்டடி இடம் போதும், ஹாஸ்டல் மேஜையே காணும், ஒரு மணி நேரத்துல ஆட்டம் முடிஞ்சிடும். இதோட படைப் பட்டியல்ல தமிழ்ப் படையும் இருக்குங்கறது எனக்குத் தெரிய வந்த அன்னைக்கு நான் தூங்கல.

அந்தப் படைக்கு யாரும் 1/72-ல நேரா பெட்டி போட்டு நான் பார்த்ததில்ல, அதனால கட்டித்தான் ஆகணும். நான் கட்டினது இப்படி. ஆளுக்குப் பழைய எகிப்துச் சிப்பாய் செட் எடுத்தேன், வெறும் மார்பு, இடுப்புல மட்டும் துணி, அதுதான் கிட்ட வருது. தலையில இருக்கிற எகிப்து முடியைக் கத்தியில சீவிட்டு எம்சீல்ல ஒரு கடுகு அளவு உருட்டி ஈர ஊசியால அழுத்திக் கொண்டை வச்சேன், பாலித்தீன் மேல எம்சீலும் சரியா பிடிக்காது, அதனால உச்சந்தலையில ஒரு கம்பி நுனியைச் சொருகி அதைச் சுத்தி வச்சேன், பிசைஞ்ச கொஞ்ச நேரத்துலயே இறுக ஆரம்பிச்சிடும், நாலு தலைக்கு மேல ஒரு தடவைக்குப் பிசையாதீங்க. எப்படி உடுத்தணும், எதைக் கையில பிடிக்கணும்ங்கறதுக்கு செங்கம் பக்கத்து நடுகல் படங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டேன், வில்லும் குறுவாளும் கொண்டையுமா நிக்கிற அந்த வீரங்களை விட நல்ல கைடு வேற கிடையாது. ஒவ்வொரு ஆளையும் கொஞ்சம் வேற வேற பழுப்பு நிறத்துல அடிங்க, எல்லாரையும் ஒரே டப்பா கலர்ல அடிச்சா உயிர் போயிடும்.

யானைதான் இதுல அழகு. பெரிய ஆசிய ஆண் யானை தோள்ல 2.7 மீட்டர் சுமாருக்கு இருக்கும், 72-ஆல வகுத்தா 37 எம்எம் சில்லறை. அதாவது தோள் உயரம் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற எந்தப் பொம்மை யானையும் 1/72 படைக்கு யானை. ஸ்கேலோட கடைக்குப் போகச் சொன்னது இதுக்குத்தான். கொலு சமயத்துல பார்க் வைக்கறதுக்குன்னு விக்கிற மிருகப் பையில இந்த அளவு யானை சகஜமா வரும், நான் எடுத்தது மூணும் அப்படித்தான். ஒண்ணு மட்டும் கவனிக்கணும், பையில வர்றது முக்கால்வாசி ஆப்பிரிக்க யானை, முறம் மாதிரி காது, நடுமுதுகு பள்ளம். நம்ம யானைக்குக் காது சின்னது, முதுகு மேடு, நெத்தியில ரெண்டு கும்பம். பிவிசியா இருந்தா காதைக் கத்திரியிலயே கத்தரிச்சு வட்டமாக்கிடலாம், முதுகுலயும் நெத்தியிலயும் எம்சீல், அவ்வளவுதான், ஒரு சாயங்கால வேலை. மேல ஒரு பாகன், ஒரு வேல்காரன். சூட்டு ஊசியால உருக்கி வேலை செய்யற பழக்கம் இருக்கிறவங்க பிவிசி மேல மட்டும் அதைப் பண்ணாதீங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதி.

போர்டு கேம் காய். இது வேற மாதிரி ஆட்டத்துக்கு. ஒரு டஜன் ஆளுக்குள்ள வச்சு ஆடற ஸ்கர்மிஷ் கேம்னு சொல்றாங்கல்ல, அதுக்கு. செகண்ட் ஹேண்ட்ல அட்டை கிழிஞ்சு, கார்டு தொலைஞ்சுபோன போர்டு கேம் பெட்டி கிடைச்சா விடாதீங்க, ஆடறவங்களுக்கு அது உபயோகம் இல்லாத பெட்டி, நமக்கு அது படை. 2012-ல வந்த சாம்பிசைட்ங்கற போர்டு கேம்ல மட்டும் 71 பொம்மை, 28-ல இருந்து 32 எம்எம்முக்குள்ள, பிவிசி வகை, செதுக்கல் நல்லா இருக்கும். ஹீரோக்வெஸ்ட்னு இன்னொண்ணு 1989-ல வந்தது, 2021-ல மறுபடி போட்டாங்க, அதுல எலும்புக்கூடு, ஓர்க்ங்கற அரக்கன், பூதம் எல்லாம் கலந்து வரும். பெயின்ட் பிடிக்கும், ஒட்டும், வாளு மட்டும் வளைஞ்சு வரும், வெந்நீர் வைத்தியம் போதும். ஃப்ராஸ்ட்கிரேவ்னு ஒரு ஆட்டம், 2015-ல வந்தது, மந்திரவாதி ஒருத்தர், சிஷ்யன் ஒருத்தர், கூட அதிகபட்சம் எட்டு சிப்பாய், மொத்தமே பத்து பேர், எந்தக் கம்பெனி பொம்மையா இருந்தாலும் சரின்னு சொல்ற ஆட்டம். ஒன் பேஜ் ரூல்ஸ்னு இன்னொரு ஆட்ட விதி இருக்கு, அடிப்படை விதி இலவசம், அதுலயும் எந்தப் பொம்மையும் வைக்கலாம். இந்த வகையில குறை என்னன்னா, நீங்க நினைச்ச ஆளு கிடைக்காது, கிடைச்ச ஆளை வச்சுக் கதை கட்டணும். சரித்திரப் படை கட்டணும்னு ஆசை இருக்கிறவருக்கு இது ஒத்து வராது, கதை ஆசை இருக்கிறவருக்கு இதுதான்.

டைனோசர், பூச்சி, மிருகப் பை. படை இதுல வராது, ஆனா காசுக்கு இவ்வளவு தர்ற சாமான் வேற இல்ல. ஒரு மினியேச்சர் கம்பெனி டிராகன் வாங்கற காசுல பத்துப் பை வாங்கலாம். பெரும்பாலும் பிவிசி, வெட்டி ஒட்டலாம், ஸ்டெகோசாரஸ் முதுகுத் தகட்டை எடுத்துட்டு வேற ஒரு பொம்மையோட இறக்கையை வச்சா டிராகன், சிலந்தியை அப்படியே வச்சா குகைச் சிலந்தி, அளவு பத்தின கவலையே கிடையாது, ஏன்னா பூதம் எவ்வளவு உயரம்னு யாரும் அளந்து வைக்கல. கண்ணு, பல்லு, வாய் உள்புறம் கடையில அடிச்ச மட்டமான பளபளப்பு கலர்ல இருக்கும், அதுமேல கறுப்பு அக்ரிலிக் ஒரு கோட்டு முழுசா அடிச்சுட்டு, காய்ஞ்ச பிரஷ்ல வெளுத்த கலரை லேசா மேல மேல இழுத்தீங்கன்னா செதில் ஒவ்வொண்ணும் எழுந்து வரும், பொம்மைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஃப்ராஸ்ட்கிரேவ் மாதிரி ஆட்டத்துல நடுவுல அலையற மிருகம் நிறைய தேவைப்படும், ரெண்டு பையில அது மொத்தமும் முடிஞ்சிடும்.

பொம்மைக் கார் பத்தி ஒரு வரி. காஸ்லேண்ட்ஸ்னு 2017-ல வந்த ஆட்டம், 1/64 அளவு ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார் மேல துப்பாக்கி, முள்ளு எல்லாம் ஒட்டி ரேஸ் விட்டு சுட்டுக்கறது, சிப்பாயே வேண்டாம். வீட்டுல பழைய காரு கிடந்தா இன்னைக்கே ஆரம்பிக்கலாம். எனக்கு அதுல பெரிய நாட்டம் இல்ல, ஆனா ஆடினவங்க விடறதில்ல.

பேஸ் விஷயம் எல்லாத்துக்கும் பொது. 28 எம்எம் ஆளை நாணயத்துல ஒட்டறாங்க சிலர், நம்ம ஊர்ல நாணயத்தைக் கெடுக்கறது சட்டப்படி தப்பு, வேண்டாம். ஹார்டுவேர் கடையில வாஷர் வாங்குங்க, எம்10 வாஷர் வெளி விட்டம் 20 எம்எம், எம்12 வாஷர் 24 எம்எம், கனம் இருக்கிறதால லேசான பொம்மை காத்துக்குச் சாயாது, அடியில ஃப்ரிட்ஜ் காந்த ஷீட் ஒட்டின டப்பாவுல வச்சா பஸ்ல எடுத்துட்டுப் போனாலும் ஆடாது. நடு ஓட்டையை அட்டை வச்சு மூடி மேல ஃபெவிகால் தடவி சலிச்ச மணல் தூவிடுங்க. டிபிஏக்கு வாஷர் ஆகாது, 2 எம்எம் அட்டை நீளமா வெட்டிக்கணும். 28 எம்எம் ஆளுக்கு ஈட்டி வேணும்னா விளக்குமாத்து ஈர்க்குச்சி நுனி அருமையா வரும், 20 எம்எம் ஆளுக்கு அது தடி.

இனி என் தீர்ப்பு. நாலு பேர், 2000 ரூபா, ஒரு மேஜை. 1/72-ல போனா அந்தக் காசுல நிம்மதியா ஒரு பெட்டி, மிஞ்சறதுல யானைப் பை, ஃபெவிகால், நாலு கலர். ஒரு பெட்டி 48 ஆளை ரெண்டா பிரிச்சு ரெண்டு படை கட்டலாமான்னு அக்கா பையன் கேட்டான். யானை ரெண்டு பக்கமும் மூணு மூணு போட்டு, மிச்சத்துக்கு ரெண்டு ரெண்டு ஆளு நிக்கிற வேல் எறியற, வில் விடற பேஸா நிறைய வச்சா கிட்டத்தட்ட வரும், பாண்டியனும் சோழனும் ஒரே மாதிரி உடுத்தினவங்கதானே, கேடயக் கலரை மாத்தினா போச்சு, ஆனா குதிரைக்கு இன்னொரு பெட்டி எப்பவாவது வாங்க வேண்டி வரும். பெயின்ட் வேலை மட்டும் ஒரு மாசம் பிடிக்கும், அதுல யாருக்கும் பொறுமை இல்லன்னா இந்தப் பக்கமே வராதீங்க. அப்ப செகண்ட் ஹேண்ட் போர்டு கேம் பெட்டி ஒண்ணு, டைனோசர் பை ரெண்டு, இலவச விதி, அடுத்த ஞாயித்துக்கிழமையே ஆட்டம். என்னைக் கேட்டா, நான் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன், ஏன்னா அந்தப் படையை நான் 6 வருஷமா வச்சிருக்கேன், இன்னும் அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கறேன்.

அவன் கூட இருக்கிற மூணு பேர்ல ஒரு பொண்ணுக்கு மட்டும்தான் பெயின்ட் அடிக்கப் பிடிக்குமாம், மத்தவங்களுக்கு உடனே ஆடணுமாம். அதனால ரெண்டாவது வழியில ஆரம்பிச்சிருக்காங்க, டைனோசருக்குப் பிரஷ் போடறது அந்தப் பொண்ணு. நேத்து போட்டோ அனுப்பினான், மூணு கொம்பு டைனோசர் மேல துணிச் சேணம் வச்சு எலும்புக்கூடு ஒண்ணை உக்கார வச்சிருக்கா, செதில் எல்லாம் அவ்வளவு நல்லா வந்திருக்கு. அடியில, மாமா, அந்த யானை அளவு என்ன சொன்னீங்க, 37ஆன்னு கேட்டு ஒரு மெசேஜ்.